வயலுக்குப் போகிறவர் யார்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மரபு நெல் பற்றிக் கட்டுரை வந்தாலும் வந்தது, கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. ஆச்சரியம் என்னவென்றால், நெல்லைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, அதன் பின்னால் இருக்கிற தொண்டு நிறுவனங்களைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். எனவே இந்த முறை முழுக்க அதுதான். கிசுகிசு கேட்டவர்கள் மன்னிக்கவும்.

இயற்கை விவசாயத்துக்கு உதவும் தொண்டு நிறுவனம் என்று அடிக்கடி படிக்கிறோம். இவர்கள் நிஜத்தில் யார்? காலையில் எழுந்து என்ன வேலைதான் செய்வார்கள்? (வாசகி, வேளச்சேரி)

மேடையில் மைக் பிடிக்கிறவரை எல்லோருக்கும் தெரியும். பச்சைத் துண்டு, தாடி, யூடியூப் பேட்டி. அவர் ஒரு மாதம் வராவிட்டாலும் நிறுவனம் ஓடும். பைக்கில் தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிற களப்பணியாளர் ஒரு வாரம் வராவிட்டால் ஓடாது.

அவருக்குப் பெரும்பாலும் அதே வட்டாரம்தான் சொந்த ஊர். விவசாய டிப்ளமோவோ, ஏதோ ஒரு பட்டப்படிப்போ இருக்கும், வீட்டில் கொஞ்சம் நிலமும் இருக்கலாம். காலையில் முதல் போன் ஒரு விவசாயியிடமிருந்து வரும். "இலை சுருட்டியிருக்கு, பக்கத்து வயல்காரர் மருந்து அடிச்சிட்டாரு, நானும் அடிச்சிடட்டுமா?" ஒருவர் இயற்கை முறையில் தொடர்வாரா, பழையபடி மருந்துக் கடைக்குப் போவாரா என்பது அந்த ஒரு போனில்தான் முடிவாகும். களப்பணியாளர் நேரில் போய் வயலில் இறங்கி, புழு எவ்வளவு, சிலந்தியும் தட்டானும் எவ்வளவு என்று பார்த்து, "இரண்டு நாள் பொறுங்க, பறவை உட்காரக் குச்சி நடுங்க, சாயங்காலம் ஐந்திலைக் கரைசல் அடிக்கலாம்" என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்காவிட்டால் அடுத்த வருஷம் அந்தத் தெருவில் அவர் பேச்சு எடுபடாது. கூட்டம் போடுவதென்றால் இரவு ஏழு மணிக்கு மேல்தான், அப்போதுதான் ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் ரிப்போர்ட். பணம் கொடுத்தவர்களுக்குப் படம் வேண்டும், பெயர்ப் பட்டியல் வேண்டும், எத்தனை ஏக்கர் என்று கணக்கு வேண்டும்.

நடத்துகிறவர்கள் யார் என்றால், சென்னையிலேயே மூன்று விதமானவர்கள் உண்டு. தரமணியில் இருக்கிற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விஞ்ஞானிகள் நடத்துவது. 1987இல் முதன்முதலாக வழங்கப்பட்ட உலக உணவுப் பரிசு சுவாமிநாதனுக்குக் கிடைத்தது, அந்தப் பணத்தை வைத்து அடுத்த வருஷம் தொடங்கியது. கோட்டூர்புரத்தில் இந்திய அறிவு முறைகளுக்கான மையம் இருக்கிறது. அறிவியல் பின்னணியிலிருந்து வந்த ஏ.வி. பாலசுப்பிரமணியனும் கே. விஜயலட்சுமியும் 1995இல் ஆரம்பித்தது. விருட்சாயுர்வேதம் என்கிற பழைய தாவர மருத்துவ மரபில் செடி வளர்ப்பு பற்றிச் சொல்லியிருப்பதை எடுத்துச் சும்மா புகழ்ந்துகொண்டிருக்காமல், வயலில் போட்டுப் பார்க்கிறவர்கள். மூன்றாவது, ரீஸ்டோர், ஓ.எஃப்.எம். என்கிற இயற்கை விளைபொருள் அங்காடிகள் மாதிரித் தன்னார்வலர்களால் எழுந்தவை. அனந்து போன்றவர்கள் முன்னின்று ஆரம்பித்தது. விவசாயியின் விளைச்சலைச் சென்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. மூன்றும் மூன்று குணம், ஒன்றின் அளவுகோலை மற்றதற்கு வைக்காதீர்கள்.

விதை வங்கி என்றால் டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டி வைப்பதுதானே. அதற்கு எதற்கு இத்தனை ஆள், நன்கொடை எல்லாம்? (வாசகர், ஆதம்பாக்கம்)

டப்பாவில் போட்டு மறந்துவிட்டால் கொஞ்ச காலத்தில் முளைக்காது சார். நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சாதாரண அறையில் வைத்த நெல் விதை ஒன்றிரண்டு வருஷத்தில் முளைப்புத் திறனை இழக்க ஆரம்பிக்கும். அரசு மரபணு வங்கிகளில் உறைகுளிரில் வைக்கிறார்கள், சின்ன அறக்கட்டளைக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி, திரும்பத் திரும்ப விதைப்பதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கையில் நூறு ரகம் இருக்கிறது என்றால் நூறு சின்னப் பாத்தி. பூங்கார் மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஐந்து மாதம் ஆகும், காட்டுயானம் ஆறு மாதம் நிற்கும், ஆள் உயரத்துக்கு வளரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுக்க முடியாது. தினமும் ஒருவர் நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற பயிர் என்பதால் காற்றில் கலப்பது குறைவுதான், கலப்பு நடப்பது களத்தில். முந்தின ரகத்தை அடித்த தார்ப்பாயை உதறாமல் அடுத்ததைப் போட்டால் போச்சு. சாக்கு மாறினால் போச்சு. பேனாவில் எழுதின லேபிள் மழையில் அழிந்தால் ஒரு ரகமே அநாதையாகிவிடும். பயிர் நிற்கும்போதே வேறு உயரம், வேறு நிறம், வேறு மீசை என்று தெரிகிற தூர்களைப் பிடுங்கி எடுக்க வேண்டும். கலவன் எடுப்பது என்பார்கள். அதைச் செய்ய முழு அகராதியும் கண்ணில் இருக்க வேண்டும். கிச்சிலிச் சம்பாவுக்கும் தூயமல்லிக்கும் கதிரை வைத்து வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர்களை நீங்கள் எந்த வேலைவாய்ப்புத் தளத்திலும் தேடிப் பிடிக்க முடியாது. பல இடங்களில் அவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அவர் பெயர் 'உதவியாளர்' என்ற வரியில்கூட வராது. எனக்கு இது உறுத்துகிறது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இலிருந்து நடத்திய நெல் திருவிழாவின் விதியும் இதிலிருந்து வந்ததுதான். இரண்டு கிலோ விதை வாங்கிக்கொண்டு போனால் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பார்த்தால் கடன் மாதிரி இருக்கும். உண்மையில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் தந்திரம் அது. நூறு ரகத்தை ஒரே பண்ணையில் காப்பாற்றுவதைவிட ஆயிரம் வயல்களில் காப்பாற்றுவது சுலபம், ஓர் இடத்தில் வெள்ளம் வந்தாலும் இன்னோர் இடத்தில் விதை இருக்கும். 170 ரகங்களுக்கு மேல் அவர் திரட்டியது இந்த வழியில். 2018 டிசம்பர் 6ஆம் தேதி சென்னையில் காலமானார். தமிழக அரசு மரபு நெல் பாதுகாப்புத் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

நம்மாழ்வார் பெரியவரா, எம்.எஸ். சுவாமிநாதன் பெரியவரா? எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சண்டை. (வாசகர், மயிலாப்பூர்)

நல்ல வேளை, கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போடவில்லை.

இரண்டு பேரும் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தார், நம்மாழ்வார் 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில். இரண்டு பேரும் வேளாண்மை படித்தவர்கள். நம்மாழ்வாரைப் படிக்காத சாமியார் மாதிரிச் சிலர் சித்திரிக்கிறார்கள், அது தப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் சேர்ந்தவர். மானாவாரி விவசாயியால் வாங்கவே முடியாத உரத்தையும் விதையையும் வைத்து ஆராய்ச்சி நடத்துவதில் என்ன பிரயோஜனம் என்று கேட்டு, 1969இல் வேலையை விட்டார். பிறகு களக்காடு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் பல வருஷம், 1979இல் நண்பர்களோடு 'குடும்பம்', கடைசியாகக் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம். 2013 டிசம்பர் 30ஆம் தேதி, டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோது, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் பிரிந்தது.

சுவாமிநாதனைப் பசுமைப் புரட்சியோடு சேர்த்து வைத்துத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பசுமைப் புரட்சி என்ற பெயரே புழக்கத்துக்கு வராத 1968 ஜனவரியில், வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், மண் வளத்தைப் பார்க்காமல் உரம் போட்டு, கண்மூடித்தனமாக மருந்து அடித்து, நிலத்தடி நீரை உறிஞ்சினால் கேடுதான் வரும் என்று எச்சரித்தவர் அவர். எச்சரித்தவரே அந்த வண்டியின் ஓட்டுநர்களில் ஒருவராகவும் இருந்தார் என்பது நம்மாழ்வார் தரப்பின் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில், அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்டில், வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது மறுதரப்பு.

என் கட்சி எது என்று கேட்டால், நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். தலைவர் போன பிறகு என்ன ஆனது? நம்மாழ்வார் மறைந்த பின்பும் வானகத்தில் பயிற்சி நடக்கிறது, இளைஞர்கள் வந்து தங்கிக் கற்றுக்கொண்டு போகிறார்கள். சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28இல் மறைந்த பிறகும் தரமணியில் வேலை நிற்கவில்லை. கொல்லிமலையில் மரவள்ளி வந்து சாமை, தினையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த நிறுவனத்தார் முன்பு செய்த காரியம் ஒன்றைக் கேளுங்கள். சிறுதானியம் ஏன் குறைகிறது என்று பார்த்தால், விலை ஒரு காரணம், இன்னொன்று உரலில் குத்திக் குத்திப் பெண்களுக்குக் கை விட்டுப்போவது. அதனால் விதையோடு நிறுத்தாமல், உமி நீக்கும் சின்ன இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுபோய் வைத்து, மகளிர் குழுக்களிடம் நடத்தக் கொடுத்தார்கள். அந்த ஊர்களில் தங்கி, எந்த வீட்டுத் திண்ணையில் இயந்திரம் வைப்பது என்ற பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்த ஊழியர்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பாவையும் பிள்ளையையும் அதைப் பற்றிச் சண்டை போடச் சொல்லுங்கள்.

என் மகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வேலை செய்யும் ஒரு டிரஸ்டில் சேரப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கல்யாணம் வேறு ஆகவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? (பெயர் வேண்டாம், தாம்பரம்)

அம்மா, தடுக்க நான் வழி சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

சம்பளம் குறையும். எவ்வளவு என்று பொதுவாகச் சொல்ல முடியாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் இப்போது வாங்குவதில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. இந்த வேலைகள் பெரும்பாலும் ப்ராஜெக்ட்டோடு வருபவை. மூன்று வருஷத்துக்கு நிதி வந்தால் மூன்று வருஷத்துக்கு வேலை. நிதி முடிகிற வருஷம் பாதிப் பேர் வேறு இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். ரசாயனத்தை விட்ட நிலம் தேறிவர இரண்டு மூன்று வருஷம் ஆகும், சரியாக அது தேறுகிற நேரத்தில் விவசாயியின் போனை எடுக்க ஆளில்லாமல் போகும் கொடுமையும் நடக்கிறது. ஆகவே சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். அவன் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது? பிராவிடண்ட் ஃபண்ட் பிடிக்கிறார்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் பிடித்தாக வேண்டும். அங்கே ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற களப்பணியாளர் யாராவது உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், அங்கே வேண்டாம். "சேவை" என்று சொல்லிச் சம்பளத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்பட வைக்கிற இடம் எதுவானாலும் எனக்குச் சந்தேகம்தான். ஊருக்கு நியாய விலை கேட்கிறவர்கள் தங்கள் ஆளுக்கு நியாயக் கூலி கொடுக்க வேண்டாமா?

இன்னொன்று, ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் லீவு போட்டு ஒரு சம்பா பருவத்தில் நடவின்போதும் அறுவடையின்போதும் போய்த் தங்கிவிட்டு வரட்டும். வார இறுதிப் பயிற்சி முகாமில் எல்லாமே அழகாக இருக்கும். ஐப்பசி மழையில் வடிகால் அடைத்துக்கொண்டு நாற்று முழுகி நிற்கும்போது, விவசாயி முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடிகிறதா என்று தெரிந்துகொள்ளட்டும். முடிந்தால் அவன் இருக்க வேண்டிய இடம் அதுதான். ஐ.டி. அனுபவம் வீணாகாது, கணக்கு மென்பொருளும் சரக்கு இருப்புப் பட்டியலும் ஒழுங்காகப் போடத் தெரிந்த ஆள் கிடைத்தால் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்வதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நாற்று நட்டுவிட்டு வரலாமா? விவசாயிக்கு உதவியாக இருக்குமே. (வாசகி, அண்ணா நகர்)

தாராளமாகப் போங்கள், பிள்ளைகளுக்கு நல்லது. விவசாயிக்கு உதவி என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் நட்டதைத் திங்கட்கிழமை யாராவது பிடுங்கித் திரும்ப நட வேண்டியிருக்கும்.

இயற்கை அரிசி மட்டும் ஏன் இவ்வளவு விலை? உரச் செலவு இல்லை, மருந்துச் செலவு இல்லை என்கிறீர்கள், அப்படியானால் மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? நடுவில் இந்தத் தொண்டு நிறுவனங்கள் அடிக்கின்றனவா? (வாசகர், பெரம்பூர்)

கேள்வி நியாயம். உரக் காசு மிச்சம்தான், ஆனால் களை எடுக்கும் கூலி ஏறும், கரைசல் தயாரிக்க ஆள் வேண்டும். யூரியாவுக்கு அரசு மானியம் கொடுக்கிறது, மாட்டுச் சாணத்துக்கு அந்த அளவுக்கு யாரும் கொடுப்பதில்லை. மரபு ரகங்கள் பல உயரமானவை, ஏக்கருக்கு மூட்டை குறைவு, கதிர் முற்றுகிற நேரத்தில் காற்றடித்தால் சாய்ந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் பெரிய செலவே. நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி. பெரிய ஆலைக்காரர் உங்கள் பத்து மூட்டையைத் தனியாக அரைத்துத் தர மாட்டார், சின்ன ஆலையில் அரைத்தால் கூலி அதிகம், உடைசலும் அதிகம். தவிடு முழுக்க நீக்காத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு பிடிக்கும். வழக்கமான கிடங்கில் மருந்துப் புகை போடுவார்கள், இங்கே போட முடியாது, வேப்பிலையும் நொச்சியும் வெயிலும்தான். வண்டு பிடித்த மூட்டை யார் தலையில் விழும்? விவசாயியிடம் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது, ஆக விற்கிறவர் தலையில். டெல்டாவிலிருந்து சென்னைக்கு அரை லாரி சரக்கு வந்தாலும் முழு லாரி வாடகைதான். கோயம்பேட்டுக்கு வருகிற சரக்கின் அளவோடு இதை ஒப்பிடவே முடியாது.

நடுவில் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "இந்த அரிசிக்கு விவசாயிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" ஒழுங்கான கடையில் பதில் பலகையிலேயே எழுதியிருக்கும், அல்லது நிமிஷத்தில் சொல்வார்கள். பதிலுக்கு மண் மணத்தைப் பற்றியும் முன்னோர் ஞானத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் பையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஓய்வூதியத்தில் கொஞ்சம் இப்படிப்பட்ட நிறுவனத்துக்குக் கொடுக்க ஆசை. ஏமாறாமல் இருக்க எதைப் பார்ப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்)

முதலில் காகிதம். டிரஸ்டா, சங்கமா, லாப நோக்கில்லாத கம்பெனியா என்று கேளுங்கள், எதுவாக இருந்தாலும் பதிவு இருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பேரனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்கிற வரிச்சலுகை வேண்டுமானால், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் செல்லும். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் அந்தச் சலுகையே கிடையாது, இது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

காகிதம் சரியாக இருப்பதாலேயே வேலை சரியாக நடக்கிறது என்று ஆகிவிடாது ஐயா. தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். அதில் சம்பளச் செலவு அதிகமாக இருந்தால் உடனே முகம் சுளிக்காதீர்கள், நான் மேலே சொன்ன, பைக்கில் சுற்றுகிற களப்பணியாளரின் சம்பளம் அதில்தான் இருக்கிறது. சம்பளமே இல்லை, எல்லாம் சேவை என்று காட்டி, பக்கத்திலேயே விழாச் செலவும் அச்சுச் செலவும் மலைபோல் இருந்தால் அப்போது யோசியுங்கள். முடிந்தால் ஒரு முறை அவர்கள் வேலை செய்கிற ஊருக்குப் போய், அவர்கள் காட்டுகிற விவசாயியை விட்டுவிட்டு டீக்கடையில் விசாரியுங்கள்.

தொண்டு நிறுவனம் என்றாலே வெளிநாட்டுப் பணம்தானே? (வாசகர், அம்பத்தூர்)

இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்திடம் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், அது இல்லாமல் நடக்கிற சின்ன நிறுவனங்கள் ஏராளம். 2020இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரு குறிப்பிட்ட கிளைக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் கூடாது. கடைசி விதிதான் கிராமத்தைத் தொட்டது. நகரத்துப் பெரிய நிறுவனம் வாங்கி, ஊரில் இருக்கிற சின்னக் குழுவுக்குக் கொடுத்து வேலை நடத்துவதுதான் பழைய வழக்கம், அந்தக் குழாய் அடைபட்டுவிட்டது. இப்போது பலர் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணத்தை நம்பியிருக்கிறார்கள். கம்பெனிக்கு ஒரு வருஷத்தில் படம் காட்ட வேண்டும், மண்ணுக்கு அந்த அவசரம் கிடையாது. இந்த இழுபறியைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும் என்று ஒரு இயற்கை அங்காடியில் எழுதிப் போட்டிருந்தார்கள். உண்மையா? (வாசகி, திருவொற்றியூர்)

போகாது. நல்ல அரிசி, நார்ச்சத்து உண்டு, பொங்கினால் நிறமும் மணமும் பிரமாதம். ஆனாலும் அது அரிசி, அளவோடு சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். இப்படி எழுதிப் போடுகிறவர்கள், பக்கத்தில் நேர்மையாக வேலை செய்கிறவர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

சான்றிதழ் இல்லாமல் இயற்கை விளைபொருள் என்று விற்கலாமா? எங்கள் தெருவில் வாரச் சந்தை போடுகிறவர்கள் "எங்களை நம்புங்கள்" என்கிறார்கள். (வாசகர், திருவான்மியூர்)

சட்டப்படி சின்ன விவசாயிக்கு விலக்கு உண்டு. வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்து, நேராக உங்களிடம் விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வழி. ஏற்றுமதிக்கும் செல்லுபடியாகிற மூன்றாம் தரப்புச் சான்று ஒன்று, தமிழக அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை கோவையிலிருந்து அதைக் கொடுக்கிறது. இன்னொன்று பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு முறை. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. ஒருவர் திருட்டுத்தனமாக யூரியா போட்டால் எல்லோர் சான்றும் ஆபத்தில். செலவும் குறைவு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பங்காளி வயலில் போய்த் தப்புக் கண்டுபிடித்து எழுதுவது நம் ஊரில் அத்தனை லேசா? சொந்தக்காரர், சம்பந்தி, அதே சாதி சங்கம் என்று ஆயிரம் கூச்சம். அங்கேதான் வெளியிலிருந்து வருகிற களப்பணியாளர் தேவைப்படுகிறார். அவர் சும்மா கூட நின்றாலே போதும், பழியை அவர் தலையில் போட்டுவிட்டு உண்மையை எழுதிவிடுவார்கள். உங்கள் தெருச் சந்தைக்காரர்களிடம் குழுவின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். சொன்னால் வாங்குங்கள்.

பேட்டிகளில் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே, பெண்கள் இந்த வேலையில் இல்லையா? (கல்லூரி மாணவி, கோடம்பாக்கம்)

இருக்கிறார்கள், கேமரா அங்கே போவதில்லை. விதை பொறுக்குவது, காயவைப்பது, புடைப்பது, குழுக் கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள்தான். நிலப் பட்டா ஆண் பெயரில் இருப்பதால் 'விவசாயி' என்ற பட்டியலில் ஆண் வருகிறார், அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயிற்சிக்குக் கூப்பிடுவதால் பயிற்சிக்கும் ஆண் வருகிறார், வேலை செய்வது வீட்டிலிருக்கும் பெண். இந்தச் சுற்றை உடைக்கப் பட்டியலையே மாற்ற வேண்டும்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்று ஒன்று 1983இலிருந்து இருக்கிறது. அங்கே தலித் பெண்களின் சங்கங்கள்தான் எல்லாம். எந்த விதையை யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள், 2008இலிருந்து சமூக வானொலியும் நடத்துகிறார்கள். அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான பி.வி. சதீஷ் 2023இல் மறைந்தார், ஆனால் அந்த ஊர்ப் பெண்களே நேராகப் பேசப் பழகியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு நாம் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதுங்கள், போடுகிறோம்.

பணம் கொடுக்க வசதியில்லை, நிலமும் இல்லை. சனிக்கிழமைகளில் நேரம் மட்டும் இருக்கிறது. என்னால் ஏதாவது பயன் உண்டா? (வாசகர், சூளைமேடு)

நிறைய உண்டு தம்பி. மூட்டையைப் பிரித்து எடை போட ஆள் வேண்டும், ஜி.எஸ்.டி. பில்லைச் சரிபார்க்க ஆள் வேண்டும். களப்பணியாளர் தமிழில் எழுதுகிற குறிப்பை நிதி கொடுப்பவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு ராத்தூக்கம் மிச்சமாகும். உங்களுக்கு இதில் எது வரும் என்று ஒரு வரியில் எழுதிப் போடுங்கள். ஆனால் வருகிறேன் என்று சொன்ன சனிக்கிழமை போய்விடுங்கள், அரிசி மூட்டை இறங்குகிற அன்றைக்குக் காணாமல் போகிற தன்னார்வலர்களைப் பற்றி அவர்களிடம் பெரிய பட்டியலே இருக்கிறது.